முத்துக்குளித்தவன் பங்கு

உன்னைக் கொன்றவன் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியனாக இருக்கிறான். வெள்ளை ஜிப்பா போடுகிறானாம். கூட்டங்களில் தமிழைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறானாம். உன் தெருவில் கேட்டால் காற்றுதான் கொன்றது என்பார்கள். கோவிலில் கேட்டால் ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலைத் தபாலில் அவன் பத்திரிகை வந்தது. அண்ணன் கடையில், வற்றல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றே பிரித்தேன். மிளகாய் நெடியையும் மீறி அச்சு மையின் வாசனை வந்தது. அந்த வாசனைக்காக நீ பக்கத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்பாய். "மோந்து பாருலே, நம்ம பேரு இல்லாத மை எப்படி நாறுதுன்னு" என்பாய். இன்று நாறவில்லை. உன் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணும் கணக்குப்பிள்ளை வேலை உனக்கு. வேலை விட்டதும் உப்புப் பூத்த சட்டையோடு நேரே எங்கள் கடைக்கு வருவாய். பத்திரிகைகளுக்கு நீ கொடுத்திருந்த முகவரி எங்கள் கடைதான். வீட்டுக்குத் தபால் போனால் நீ கதை எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். உன்னைக் கண்டதும் அண்ணன் தராசைப் பிடித்தபடியே சத்தம் போடுவார்: "ஏலே, ஒன் கதை திரும்பி வந்துட்டு. பொட்டலம் மடிக்கத் தாரியா?"

சன்மானம் கொடுக்கும் பத்திரிகை எது என்று நாம் தேடிய தேடலை நினைத்தால் இன்னும் பற்றி எரிகிறது. உன்னுடையவை விந்தைக் கதைகள். பேசும் சிப்பி, நாளைக்கு வரப்போகும் கப்பல், நிழலை வாடகைக்கு விடும் ஊர். ஒருவன், ராஜகுமாரி இருந்தால் அனுப்பச் சொன்னான். ஒருவன், இதெல்லாம் குழந்தைகளுக்கு, குழந்தைக் கதைகளுக்குச் சன்மானம் தருவதில்லை என்று எழுதினான். இன்னொருவன் கதையை அச்சிட்டுவிட்டு, யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் முடியவில்லை, ஆகவே ஒரு பிரதியே சன்மானம் என்றான். காகிதம் விற்றவனிடமும் மை விற்றவனிடமும் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டுமே! எழுதியவன் மட்டும்தான் புகழைச் சோற்றில் பிசைந்து தின்ன வேண்டும். பதிலே போடாதவர்கள்கூட நீ உள்ளே வைத்த தபால்தலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

உனக்குக் கோபம் வராது. அதுதான் எனக்குக் கோபம். "பெரிய கப்பல் என்னைக்குலே நம்ம கரைக்கு வந்திருக்கு? அது அங்கனதான் நிக்கும். நாமதான் தோணியில சரக்கைக் கொண்டு போகணும்" என்பாய்.

நான் உப்பளத்துக்காரனைப் பற்றி எழுதுகிறவன். உன் கதைகளோடும் எனக்குச் சண்டைதான். உப்பளத்தில் பாதம் வெடித்து நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டே எப்படி உன்னால் சிப்பியைப் பேசவைக்க முடிகிறது என்று கத்துவேன். நீ சிரிப்பாய். "நீ எழுதுத கதைய உப்பளத்துக்காரன் எதுக்குலே படிக்கணும்? அவனுக்குத்தான் தெரியும்லா."

பிறகு அந்தக் கதை வந்தது. நாம் சின்னப் பையன்களாக இருந்தபோது கடைசியாக ஒரு முத்துக்குளிப்பு நடந்தது. உன் அப்பா அதில் குளித்தவர். அதற்குப் பின், கடலடியில் சிப்பி விளையும் முத்துப்பார்கள் மலடாகிவிட்டன. உன் அப்பா சங்கு எடுக்கப் போய், காதில் ரத்தம் வந்து வீட்டோடு உட்கார்ந்தார். முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. கரையில் குவித்து, திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா, வாங்கியவன் தலையெழுத்து.

உன் கதையில் நீ அந்த ஏலத்தைக் கடலுக்கு அடியில் நடத்தினாய். மூச்சு முட்டிச் செத்தவர்கள் குவியல் குவியலாகக் கிடக்கிறார்கள். சுற்றிலும் சிப்பிகள் விலை கேட்கின்றன. திறந்து பார்க்கக் கூடாது. குவியலில் ஒருவனுக்கு மட்டும் உணர்வு இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒருவரும் கேட்காத விலைக்குத் தான் ஏறுவதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறான். ஒரு கிழட்டுச் சிப்பி, சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி அவனை எடுக்கிறது. கத்தியோடு நெருங்குகிறது.

அங்கே நிறுத்திவிட்டாய். நீ வாசித்துக் காட்டியபோது எனக்கு மயிர்க்கால் குத்திட்டது, வெளியே சொல்லவில்லை. "அப்புறம் என்னலே?" என்றேன்.

"அப்புறம் குளிச்சவன் பங்கு" என்றாய். "ரெண்டு பங்கை மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்புதேன். மூணாவது பங்கு என் தலைக்குள்ள இருக்கும். துட்டு வரட்டும், எழுதி அனுப்புதேன். திறந்த சிப்பிய எவன் ஏலம் கேப்பான்?"

"எனக்காவது சொல்லு."

"நீயும் வாசகன்தான? வெலை சொல்லு."

முடிவில்லாத கதையை யாரும் அச்சேற்ற மாட்டார்கள் என்று நம்பினாய். உன் அப்பாவின் கரையில் அந்த நியாயம் செல்லும். அங்கே இரண்டு பங்கு எடுக்கும் சர்க்கார்கூட மூன்றாவது பங்கை விட்டுவைக்கும். சென்னையில் 'தொடரும்' என்று ஒரு சொல் இருப்பதை நீ யோசிக்கவில்லை.

சலூனில்தான் தெரிந்தது. உன் முகமெல்லாம் சோப்பு நுரை. பெஞ்சில் இருந்த ஒருவர் புதுப் பத்திரிகையை எல்லோருக்கும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கடலடியில் ஏலம். ஒரு வரி மாறாமல் உன் கதை. பெயர் மட்டும் அந்த ஆசிரியனின் மாப்பிள்ளை பெயர்.

"மெட்ராஸ்காரன் எழுத்துன்னா எழுத்துதான்! நம்மூர்க் கடலையே அங்கன இருந்து பாத்துட்டானே" என்றார் சலூன்காரர்.

நீ நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாய். "அசையாதலே, கழுத்துல கத்தி நிக்கி" என்றார் அவர். பெஞ்சே சிரித்தது. நான் வாயைத் திறந்தேன். நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாய். சவரம் முடியும்வரை உன் கதையை இன்னொருவன் கதையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குவியலில் கிடந்தவனைப் போலவே.

அவனுக்கு நீ எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நேரில் போவது என்று முடிவு செய்தாய். "அவன் மேசைமேலயே உக்காந்துருவேன். பேரைப் போடாம எந்திரிக்க மாட்டேன்." ரயில் செலவுக்குக் கையில் இல்லை. என்னிடம் வாங்க மாட்டேன் என்றாய். வாடைக்காற்று அடிக்கும் நாளில் தோணியில் கப்பலுக்குப் போக ஆள் வராது. போகிறவனுக்குக் கூடுதல் கூலி. நீ போனாய். அலை தோணியைத் தூக்கிக் கப்பல் சுவரில் அடித்தபோது நடுவில் நீ இருந்தாய். இதற்குக் காற்றின் மேல் பழி போட்டால் நான் மனிதனில்லை.

உன் அம்மா உன் டிரங்குப் பெட்டியை என் முன்னால் கவிழ்த்தாள். இரண்டு வேட்டி, ஒரு ஜெபமாலை, எழுதாத தாள்கள். மூன்றாவது பங்கில் ஒரு வரிகூட இல்லை.

அங்கே பத்திரிகையில் வாராவாரம் ஒரு குறிப்பு வந்தது: 'கதாசிரியருக்கு உடல்நலம் சரியில்லாததால் தொடர் இந்த இதழில் இல்லை.' நீ கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாய். அவன் மாப்பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லையாம்! திருடத் தெரிந்தவனுக்கு முடிக்கத் தெரியவில்லை. கடைசியில் உன் பெயருக்கு எங்கள் கடை முகவரியில் பத்து ரூபாய் மணியார்டர் வந்தது. நாம் அத்தனை காலம் தேடியது. கூப்பனில் ஒரு வரி: 'மீதிக் கதையை உடனே அனுப்பவும்.'

அந்தப் பணம் உன் அம்மாவுடையது. என்ன செய்யட்டும் என்று அவளிடம் போய்க் கேட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "எவம் பேரைப் போட்டானோ அவனையே மிச்சத்தையும் எழுதச் சொல்லு தம்பி" என்றாள்.

மணியார்டரைத் திருப்பினேன். அவள் சொன்னதை அப்படியே அவனுக்கு எழுதினேன். எழுதியவன் பெயரைப் போட்டு, வருத்தமும் தெரிவித்தால்தான் மிச்சம் கிடைக்கும் என்று சேர்த்தேன். நீ செத்ததை எழுதவில்லை. செத்தவன் சரக்கு என்று தெரிந்தால் அவன் ஏன் விலை சொல்லப் போகிறான்?

இன்று போட்டிருக்கிறான். முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. பெயர் 'தவறிவிட்டதாம்', வருந்துகிறானாம். கீழே தடித்த எழுத்தில்: 'முடிவு அடுத்த இதழில், நிச்சயம்.' இதற்காகத்தான் காத்திருந்தேன். அடுத்த வாரம் அவன் தபால்காரனையே பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அதற்கடுத்த வாரமும் இருக்கட்டும். வாசகர்கள் அவனைத் தெருவில் நிறுத்திக் கேட்கட்டும். அவன் சாகும்வரை அந்தக் கதை அவன் தொண்டையில் முள்ளாக நிற்கட்டும். நான் மன்னிக்கப் போவதில்லை. மன்னிக்கச் சொல்கிறவர்கள் ஒரு நாள் வாடைக்காற்றில் கப்பலுக்குப் போய்விட்டு வந்து சொல்லட்டும்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன். உன் பெயரை நானே உரக்கப் படித்தேன். சலூன்காரர் தீட்டிக்கொண்டிருந்த கத்தியை மடக்கி வைத்தார். "இந்த நாற்காலியிலதான இருந்தான்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லப்படாதா பாவி?" பிறகு அவரே கேட்டார்: "சரி, அந்தக் குளியாள் கதி என்னாச்சு? ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான். உன் பெயர் இருந்த கட்டத்தை விரலால் தடவிவிட்டு, அவளும் அதையேதான் கேட்டாள்.

அவனைத் தவிக்கவிடுவதற்கு என்னிடம் இருப்பது வெறுங்கை. அது அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நடக்கும்போதும் உப்பளத்துக்காரனைப் பற்றி எழுத உட்காரும்போதும் அந்தக் கத்தி அதே இடத்தில் நிற்கிறது. உன் பெயர் வந்தாயிற்று. இனி நான் என்ன விலை சொல்ல வேண்டும்? அவனுக்குக் கொடுக்க மாட்டேன். சத்தியமாகக் கொடுக்க மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுலே.

அந்தச் சிப்பி அவனைத் திறந்தபோது, உள்ளே என்ன இருந்தது?