மூக்கில் வைத்த களிமண்

பிப்ரவரி 6, செவ்வாய்

விமானம் முடிந்தது. எடை முப்பத்தெட்டு கிராம்: பால்சா மரம், மெல்லிய காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர் வளையம். ரிமோட் கிடையாது, கையிலிருந்து விட்டபின் அது தன் புத்தியில் பறக்கும். இருபத்தைந்தாம் தேதி எண்ணூரில் போட்டி. அவரவர் விமானத்தை அவரவரே செய்து, முறுக்கி, விட வேண்டும் என்பது விதி. நீண்டு ஒடுங்கிய, ஏறக்குறையத் தட்டையான இறக்கை. காற்றின் இழுவை மிகக் குறைவு. கணக்குப்படி தொண்ணூறு வினாடி பறக்கும். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவளின் கணக்கு.

பிப்ரவரி 7

பதினொரு வினாடி.

பிப்ரவரி 9

தலை தூக்கி விழுகிறது. மூக்கில் களிமண் வைத்தேன். ஒன்பது. இன்னும் வைத்தேன். ஏழு. ஒருமுறை இடம் சாய்கிறது, மறுமுறை வலம். ஒரே விமானத்துக்கு இரண்டு நோயா?

இறக்கையில் பெயர் எழுத வேண்டும். கண்ணாடியைக் காணோம் என்று மாடிவீட்டு ஃப்ளோராவை எழுதவைத்தேன். கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், எழுதிக்கொடுத்தாள். நல்ல பெண்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து மைதானம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற வால்டரும் வந்திருந்தார். போட்டிக்கு அவர் செய்திருப்பது, இறக்கை முளைத்த மீன்பெட்டி.

“குடு மிஸ்ஸு, நான் ஒருவாட்டி உட்டுப் பாக்கறேன்.”

களிமண்ணைக் கிள்ளி எறிந்தார், விமானத்தை விட்டார். எண்பத்தெட்டு வினாடி.

“ப்ளேனு ஷோக்காகீது. மூக்குல இன்னாத்துக்கு இம்மாம் மண்ணு?”

வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

கை நடுங்குகிறது. நவம்பரிலிருந்து. எழுதியாயிற்று.

பிப்ரவரி 15

மருத்துவரிடம் போனால் அதற்கொரு பெயர் வைப்பார். பெயர் தெரிந்தால் சாண்ட்ரா பெங்களூரிலிருந்து வந்து கத்தி, பிளேடு, பசை அத்தனையையும் பூட்டிவிட்டு, என்னையும் மூட்டை கட்டிக்கொண்டு போவாள். பெற்ற மகளாயிற்றே, உரிமை. போவமாட்டேன். நான் இன்னா கொழந்தையா?

வால்டர் காதோரம் வந்து, “போட்டில நானே உட்டுடறேன் மிஸ்ஸு, எவன் பாக்கப்போறான்?” என்றார். நான் பார்ப்பேன் என்றேன்.

பிப்ரவரி 17

கணக்கில் ஒன்றை விட்டிருக்கிறேன்: விடுகிற கை. விமானத்தின் நோய் என்று எண்ணி அதன் மூக்குக்கு மருந்து வைத்திருக்கிறேன்.

இறக்கை நுனிகளை மேல்நோக்கி நிமிர்த்தினேன், வாலை அகலமாக்கினேன். கோணலாக விட்டாலும் தானே சமநிலைக்கு வரும். இழப்பு, பதினைந்து வினாடி.

பிப்ரவரி 24

முறுக்கும்போது ரப்பர் அறுந்தால்? காற்று மாறினால்? எல்லோர் முன்னாலும் கை — போதும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கை நடுங்கத்தான் செய்தது. விமானம் ஓர் உதறு உதறி, நிமிர்ந்து, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு முன்னால் நிதானமாக வட்டமிட்டது. எழுபத்திரண்டு வினாடி. நான்காம் இடம். மூன்றாமிடம் மீன்பெட்டிக்கு, வால்டரின் முகத்துப் பெருமையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பிப்ரவரி 27

வியாழன் பத்து மணிக்கு நரம்பு மருத்துவர். சாண்ட்ராவிடம் சொன்னேன், கத்தினாள், நாளை வருகிறாள். பிளேடைப் பூட்டினால் சாவி எனக்குத் தெரியுமிடத்தில் இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

புது இறக்கைக்குக் காகிதம் ஒட்டிவிட்டேன். பெயரை நானே எழுதினேன். கோணல். படிக்க முடிகிறது.