நாற்பது காதமும் பதினொரு நாளும்

நலம் சூழ்க. ஏழு துறைமுகங்களுக்கும் குடைநிழல் தந்து நெடுங்கானல் நகரில் அரசிருக்கும் பெருந்தேவி இளவெயினி, பவழத்திட்டின் காவலனும் தன் வயிற்றில் பிறந்தவனுமாகிய சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உன் நாட்டில் மழை குறையாதிருக்க. உன் குடிகள் நோயின்றி வாழ்க. தாயை இழந்த என் பேத்தி வயிறாரப் பால் குடித்து உறங்குக.

உன் ஓலை நேற்று மாலை என் புறாமாடத்தில் இறங்கியது. மருமகள் மருதி பிரசவக் காய்ச்சலில் மாண்டதற்கு நான் இன்னும் அழுது தீரவில்லை. அதற்குள், நான் அனுப்பிய மருத்துவச்சியைக் காலத்தில் கொண்டுவந்து சேர்க்காத, கலம் ஓட்டும் மீகாமன் திரையனுக்கு இன்றிலிருந்து நான்காம் நாள் கொலைத்தண்டனை என்று எழுதியிருக்கிறாய். புறா ஒரே பகலில் கடக்கும் கடலை மரக்கலம் மூன்று நாளில் கடக்க வேண்டாமா, அவன் பதினொரு நாள் எங்கே கிடந்தான் என்றும் கேட்டிருக்கிறாய். அடேயப்பா, துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன் கேட்கும் கேள்வியா இது!

நம் இரு நகருக்கும் இடையே புறா பறக்கும் நேர்வழி நாற்பது காதம். விடியலில் விட்டால் இருபது நாழிகையில் மாடம் சேரும். மரக்கலமோ நடுக்கடல் பாறைகளுக்கு அஞ்சித் தெற்கே வளைந்து நூறு காதம் ஓட வேண்டும். காற்று முகம் திருப்பினால் பாயைச் சுருட்டிக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். மற்றவர் பதினாறு நாள் ஓடும் இவ்வழியைத் திரையன் பதினொன்றில் ஓடி முடித்தான். தண்ணீர் எடுக்கக்கூட அவன் எங்கும் நிற்கவில்லை என்று மருத்துவச்சி உன் அவையில் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய். எழுதிய கை அதைப் படிக்கவில்லையா?

இன்னொன்றும் கேள். புறா தன் வீட்டுக்கு மட்டுமே பறக்கும். உன்னிடம் இவ்வோலையைக் கொண்டுவரும் உன் மாடத்துப் புறாக்கள் என்னிடம் எப்படி வந்தன? முன்பு உன் துறையிலிருந்து இதே வழியாக வந்த திரையனின் கலத்தில், கூண்டுக்குள், முழுதாகப் பதினொரு நாள் இருந்துதான் வந்தன.

குற்றம் தேடுவாயாயின் என்னிடம் தேடு. "மருத்துவச்சி புறப்பட்டுவிட்டாள், அஞ்சாதே" என்று எழுதியவள், எத்தனை நாளில் வருவாள் என்பதை எழுதாமல் விட்டேன். உன்னைத் தேற்றவே விட்டேன். அன்று மாலையே ஓலை உன் கையில் விழ, மறுநாள் முதல் நீ கரையில் நின்றாய். பாவி நான், மகனே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி அரசியாக ஆணையிடுகிறேன். இவ்வோலை கண்ட அப்பொழுதே திரையனின் தளை அறுபடுக. ஓலையை ஆறு நறுக்காக்கி ஆறு புறாக்களின் காலில் கட்டச் செய்தேன். இவ்வாணை மட்டும் ஆறு நறுக்கிலும் உண்டு, கிடைக்கவில்லை என்று சொல்ல உனக்கு வழியில்லை. எழுதியவன் ஓலைநாயகம் கொற்றன். இட்டது என் சங்கு முத்திரை.

நானும் இன்றே கலமேறுகிறேன். என்று வந்தாலும் உன் துறைமுக வாயிலுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்பேன். திரையன் படகேறி வந்து என் கலத்தின் சுக்கானைப் பிடித்தால் உள்ளே வந்து, உன்னை மடியில் கிடத்தி உன்னோடு அழுவேன். வேறு எவன் வந்தாலும் அங்கிருந்தே திரும்பிவிடுவேன்.