சாமுவேல் சாட்சி சொன்ன ஞாயிறு

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து மழை. கிள்ளான் பாலத்தில் ஜாம். வேத வகுப்புக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் சிஸ்டர் எஸ்தர் வகுப்பில் உட்கார இடமில்லையாம். கேட்டதும் வயிறு எரிந்தது. ஜெபத்தில் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம்.

ஆள் வரவேண்டுமென்றால் ஞாயிறு ஆராதனையில் சாட்சி வேண்டும்: மனம் திரும்பிய ஒருவர் தன் கதையைச் சொல்ல வேண்டும். சாமுவேல் பிரதரைப் பிடித்தேன். பழைய கேங் ஆள். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்தான். வகுப்பு முடிந்ததும் ஒத்திகை. ஒருத்தர் கையை வெட்டினேன், ஆண்டவர் மன்னித்தார் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

"இப்படிச் சொன்னா யாரு பிரதர் கேப்பாங்க? பாராங் கத்தியை எப்படி ஓங்குனீங்க, அவன் எப்படிக் கத்துனான், அதெல்லாம் சொல்லுங்க."

"வேணாம் சிஸ்டர். அந்த ஆளு உயிரோட இருக்காரு லா."

"பேரு சொல்லாதீங்க. கையை வெட்டுனதை மட்டும் சொல்லுங்க."

கடைசியில் தலையாட்டினார். வாங்க வேண்டியது: பேப்பர் கப், மைலோ, மைக்குக்கு பேட்டரி.

ஜூன் 15, ஞாயிறு

கொளுத்தும் வெயில். ஏர்கோன் ரிப்பேர். ஆனாலும் ஆராதனைக்கு நல்ல கூட்டம். வகுப்புக்கு வரும் லதா, நான் நச்சரித்த நச்சரிப்பில் புருஷனையும் கூட்டிவந்தாள். ரவி. முதல் முறை. இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. பெருமையாக இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தேன்.

சாமுவேல் நன்றாகத்தான் ஆரம்பித்தார். சந்து, இருட்டு, துரத்தல். திடீரென்று நின்றுவிட்டார். இரண்டாம் வரிசையையே பார்க்கிறார். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஓரத்தில் நின்றபடி, வெட்டுகிற மாதிரி கையை ஓங்கிக் காட்டினேன். சொல்லு, சொல்லு.

சொன்னார். மூன்று விரல் துள்ளி விழுந்ததுவரை. அல்லேலூயா! கைத்தட்டல்.

ரவி எழுந்து முன்னால் போனான். இடது கையை எடுத்து எல்லாருக்கும் காட்டினான். மூன்று விரல் இல்லை.

"இதுக்குத்தான் கை தட்டுறீங்களா?"

மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி சாமுவேலின் வாயிலேயே அடித்தான். மறுபடி. மறுபடி. கீபோர்டு முழுக்க ரத்தம், ஒரு பல். சாமுவேல் தடுக்கக் கை தூக்கவே இல்லை. நம் ஆட்கள் ரவியைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். சற்று முன் அல்லேலூயா சொன்ன அதே ஆட்கள். "விடாதீங்க, அடிங்க அவனை!" என்று ஒரு பெண் குரல். என் குரல்தான். லதா அவன்மேல் விழுந்து மறைத்தாள். அவளுக்கும் உதை.

ஜூன் 16, திங்கள்

மருத்துவமனை. சாமுவேலுக்குத் தாடை எலும்பு முறிவு. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. போலீஸ் புகார் வேண்டாம் என்று கையை ஆட்டினார். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொண்டுபோன பார்லித் தண்ணீரை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

செமினி சபையிலிருந்து ஃபோன். "சிஸ்டர், அந்த பிரதர் குணமானதும் அனுப்புங்க. இப்ப சாட்சி இன்னும் ஸ்ட்ராங் லா!"

ஒரு நொடி எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். பிறகு ஃபோனைச் சுவரில் எறிந்தேன். அதோடு ஸ்கிரீன் போச்சு. நான் என்ன ஜென்மம்?

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. வகுப்பில் நிற்க இடமில்லை. சண்டைக் கதை கேட்க வந்த கூட்டம். இதற்குத்தானே ஏங்கினேன். பாடம்: மன்னிப்பு. பைபிளைத் திறந்தேன். அப்போதுதான் வாசலில் லதா. உதடு வீங்கியிருந்தது.

"அவரு கீழ மோட்டார்ல இருக்காரு சிஸ்டர். மேல வர மாட்டாரு. உங்ககிட்ட ஒன்னு கேக்கணுமாம்."

இறங்கினேன். ரவி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைப் பாத்துட்டுத்தான் அவன் பேச்சை நிறுத்துனான். அப்புறம் ஏன் சொன்னான்? அதை மட்டும் சொல்லுங்க."

சாமுவேலால் பேச முடியாது. நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவர் முதல்லயே வேணாம்னுதான் சொன்னாரு. அன்னிக்கு நிறுத்தவும் செஞ்சாரு. சொல்லு சொல்லுன்னு கையை ஓங்கிக் காட்டுனது நான்தான். கூட்டம் வரணும்னு."

அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

"அப்ப நான் ஆள் மாத்தி அடிச்சிட்டேன்" என்றான்.