நாலு மணிக்குச் செங்கல் நிறம்

1980 மார்ச் 3

எனக்குச் சீனி வியாதி, தினம் காலையில இன்சுலின் ஊசி. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில டாக்டர் விசுவலிங்கம் ஐயா இந்த எழுதுற கொப்பியைக் குடுத்தார். முன்பக்கம் அவருக்கு. பின்பக்கம் யாரும் பார்க்க மாட்டாங்க, அது எனக்கு.

சீமையில ஒரு மெசினாம். இடுப்புல கட்டிக்கிட்டா இன்சுலினைச் சொட்டுச் சொட்டா உடம்புக்குள்ள விடுமாம். ஆனா சீனி எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு அதுக்குத் தெரியாதாம். சோறு தின்னுற நம்ம ஆளுங்களுக்கு எந்த நேரம் ஏறுதுன்னு ஐயா ஆராய்ச்சி செய்றார். தினம் நாலு தடவை நீல மருந்துல எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சி, நிறத்தை எழுதணும். நீலமாவே இருந்தா நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம்னு போகப் போக மோசம்.

"அழகமுத்து, தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீரோ?"ன்னு டாக்டர் கேட்டார்.

"தொடுறதே இல்லைங்க."

உண்மைதானே. மூணரை மணிக்குப் பாலும் சீனியும் போடாத சாயத்தண்ணி, கையில கடிச்சுக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அது மரத்துல இருந்து வர்றது. அதைப் போய் சீனிங்கிறதா?

மார்ச் 9

என் சம்சாரம் பேச்சியம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. "உங்களுக்குச் சோறாக்குற அடுப்புலயா இதையும் காய்ச்சணும்?"

"நீ வைக்கிற ரசத்தை விட வாசம் பரவாயில்ல புள்ள."

அகப்பை பறந்து வந்துச்சு. குனிஞ்சுட்டேன்.

மார்ச் 20

காலை நீலம். மத்தியானம் பச்சை. நாலு மணி செங்கல். ராத்திரி மஞ்சள்.

ஏப்ரல் 7

டாக்டர் கோடு கீறின தாளைக் காட்டினார். தினமும் நாலு மணிக்கு மலை மாதிரி ஏறி நிக்குது. "ஒண்டும் சாப்பிடேல்லை, ஆனா ஏறுது. புதுமையா இருக்கு. கொழும்புக்கு எழுதப் போறன்."

என்னால ஒரு டாக்டருக்குப் பேர் வரப்போகுது! நான் வேலை செய்ற தேயிலை பெக்டரி மாடியில கொழுந்து வாட்டுறவங்க கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன். காலை ஊசியை இருபத்திநாலு யூனிட்டுல இருந்து முப்பத்திரண்டா கூட்டிட்டார்.

மே 14

மழை. பாதையெல்லாம் தண்ணி. கருப்பட்டி கொண்டு வர்ற பொடிசிங்கோ வரல. நேத்தோட வீட்டுல இருந்தது முடிஞ்சிருச்சு. "சாயத்தண்ணிக்குச் சீனி போட்டு அனுப்பவா?"ன்னு பேச்சி கேட்டா.

"டாக்டருக்குக் குடுத்த வாக்கு என்னாகுறது? வெறுமனே அனுப்பு."

மே 15

எழுத முடியுது, அதுவே பெரிசு. நேத்து சாயங்காலம் மாடியில கை நடுங்கி, வேர்த்து ஊத்தி, கொழுந்து மேலயே சாஞ்சுட்டேன். பெக்டரியைப் பார்த்துக்கிற டீமேக்கர் ஐயா சீனியை ஈறுல தேச்சு எழுப்பினாராம். கண் முழிச்சா பேச்சி அழுதுகிட்டு இருக்கா. 

கூட்டின ஊசியோட, கருப்பட்டி இல்லாத அன்னிக்குத்தானே இப்பிடி? அப்ப டாக்டர் தாள்ல நாலு மணிக்கு ஏறின மலை — நான் கடிச்ச கருப்பட்டியா? அட மடையா!

இதை டாக்டர் எழுதி அனுப்பிட்டா? இதை நம்பி வேற யாருக்காச்சும் ஊசியைக் கூட்டினா? சொன்னா ஆராய்ச்சியில இருந்து என்னை வெரட்டிருவார். சொல்லாம விட்டா...

மே 19

சொல்லிட்டேன். டாக்டர் பேனையைக் கீழே வச்சார். 

"எவ்வளவு பெரிய துண்டு?"

கட்டைவிரலைக் காட்டினேன்.

"உம்மைக் கொல்லப் பார்த்திருக்கிறன், மனுசா!"

"பிழை என்னுதுங்க."

"சீனியைப் பற்றி மட்டும் கேட்டது நான்தானே."

கொழும்புக்கு எழுதின கடிதம் இன்னும் மேசை லாச்சியிலதான் கிடந்துச்சு. எடுத்துக் கிழிச்சார். ஊசி திரும்ப இருபத்திநாலு. கருப்பட்டி நிப்பாட்டு. வீட்டுக்கு வந்ததும் என் மூஞ்சியைப் பார்த்துட்டு பேச்சி, "யாருங்க செத்தது?"ன்னா. ரசத்தைக் கிண்டல் பண்ணினதுக்குப் பழி வாங்கிட்டா.

ஜூன் 2

நாலு மணி — நீலம்! நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.

ஆகஸ்ட் 11

இப்பல்லாம் திங்கக்கிழமை கிளினிக்குல டாக்டர் எனக்கும் ஒரு ஸ்டூல் போடுறார். இன்னைக்கு அரசாங்கக் கச்சேரி ஆபீஸ் கிளாக்கர் சின்னத்துரை ஐயா சம்சாரத்தோட வந்தார். "இனிப்பு எண்டதே என்ர வீட்டில இல்லை, டொக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"ஐயா, பஸ்ஸுல வரும்போது வாயில என்ன போட்டுக்குவீங்க?"ன்னு கேட்டேன்.

"அது... தொண்டைக்கு."

அந்தம்மா கைப்பையைத் திறந்து ஒரு தகரப் பேணி நிறைய டொபி மிட்டாயை எடுத்து மேசையில வச்சாங்க.

டாக்டர் சின்னத்துரை ஐயாவுக்கு ஒரு புதுக் கொப்பியைப் பிரிச்சார்.