பனமலைக்குத் திரும்பிய வண்டி

இளவரசியின் அப்பாவுக்கு, பெங்களூரிலிருந்து செண்பகம் வணங்கி எழுதுவது. போனில் பேசினால் உங்கள் காதுக்கு எட்டாது. முட்டிவலி தேவலையா? திண்டிவனத்தில் மழையா?

திங்கட்கிழமை ஆபீசில் இருந்தவர்கள் வண்டிப் பிரிவு சீனுவாசன் சார், கம்ப்யூட்டர் பார்க்கிற கவிதா, அதிகாரி கோகுலகிருஷ்ணன், நம் மாப்பிள்ளை அன்புச்செல்வன், டீ கொண்டுபோன நான்.

முந்தின வாரம் மாப்பிள்ளைதான் அந்த அதிகாரியை விழுப்புரத்துக்கு ஏற்றிப் போனார். வழியில் பனமலைக் கோயிலுக்குத் திருப்பச் சொன்னவர் அதிகாரியே. இப்போதெல்லாம் வண்டி வழிமாறினால் ஆப் கண்டுபிடித்துவிடுகிறது. ஏறினவர் தன் போனில் ‘நான்தான் சொன்னேன்’ என்று அழுத்த வேண்டும். திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அழுத்தாவிட்டால் டிரைவருக்கு வேலை போய்விடும்.

“நான் தூங்கிட்டேன், எனக்குத் தெரியாது” என்றார் அவர். வேலை நேரத்தில் கோயிலுக்குப் போனதை ஒப்புக்கொள்ளப் பயம்.

“புதன்கிழமை எங்கிட்ட டீ வாங்கிக்கினு, மலைமேலேந்து ஏரியப் பார்த்தேன்னு சொன்னீங்களே சார்?” என்றேன்.

அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

“கவிதா, நீயே சரிபண்ணும்மா” என்றார் சீனுவாசன் சார். முன்பெல்லாம் ஒரு போன் போட்டே தீர்த்துவைப்பவர்.

“என்னால முடியாது சார். அவர் போன்லதான் முடியும்.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். எல்லோரும் அதிகாரியின் விரலையே பார்த்தோம். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்.

வேலை போய்விட்டது. ஆனால் கவலைப்படாதீர்கள், மாப்பிள்ளை வேறு வண்டி தேடுகிறார். அங்கே உங்களோடு இருக்கிற இளவரசியிடம் சொல்ல வேண்டாம். இங்கத்திய வேர்க்கடலையில் ருசி இல்லை; நம்மூர் வறுத்த மல்லாட்டை அனுப்பினால், உங்கள் பழைய துண்டு ஒன்றையும் எனக்காகச் சேர்த்துக் கட்டுங்கள்.

டீக்குக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கும் அவருக்கு நான்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பேன். ஆனால் மன்னிக்க மாட்டேன், அந்தக் கோகுலகிருஷ்ணனை.