டேனிஷில் பச்சை

வெள்ளிக்கிழமை, இரவு.

கைக்குழந்தையாகத் தத்துப்போய் டென்மார்க்கில் வளர்ந்த மெட்டேயை, பெற்றவளைப் பார்க்க இன்று பள்ளிக்கரணைக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்க்க நான்.

மகன்கள் பக்கத்தில் நிற்க, அந்தம்மா கத்தினாள்: "இன்னாமா இது? பச்சப் பொய்! இவள நான் பெக்கவேயில்ல."

நிறங்களின் தமிழ்ப்பெயர்களை மட்டும் கற்று வந்திருந்த மெட்டே முகம் மலர்ந்தாள். "பச்சையா? எது பச்சை?" என்று டேனிஷில் கேட்டாள்.

அந்த மொழியில் பொய்க்குப் பச்சை கிடையாது. செங்குத்துப் பொய் என்பார்கள். அப்படியே சொன்னேன்.

வாசலில் அந்தம்மா என் கையைப் பிடித்தாள். "பச்ச ஒடம்பா கெடந்தேன்மா. புள்ளய புடுங்கிகினு பூட்டாங்க. அவகிட்ட சொல்லிடாத."

காரில் ஏறியதும் மெட்டே கேட்டாள். "மறுபடியும் பச்சை என்றார்களே?"

"அதே பொய்யைத்தான் சொன்னார்கள்" என்றேன்.