செவ்வாய் விரதம், வெள்ளி விரதம்

வியாழன், இரவு

இன்று வாசிகசாலையில் முதியவர்களின் போசாக்கைப் பரிசோதித்தோம். ஒரு தாயின் கையை அளக்கத் தூக்கினேன். காப்பு முழங்கை வரை வழுக்கி இறங்கியது.

"வடிவாச் சாப்பிடுறனீங்களோ அம்மா?" என்று கேட்டேன். மகன் முந்திக்கொண்டார்.

"அம்மா சரியான விரதகாரி, மிஸ். செவ்வாய், வெள்ளியெண்டா பச்சைத்தண்ணியும் குடியா."

மடையனுக்கு அதில் என்ன பெருமை!

அவர் காரைத் திருப்பப் போனதும் தாய் மெல்லச் சொன்னார்: "கட்டுப்பல்லு உடைஞ்சு கனநாள், பிள்ளை. சோத்தைக் குழைச்சுத் தா எண்டு கேக்க வெக்கம். அதுதான் விரதமெண்டு சொல்லுறனான்."

மகன் பின்னாலேயே போய், தாயைப் பல் வைத்தியரிடம் உடனே காட்டச் சொன்னேன். கார்க் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார் அந்தப் பெரிய மனிதர்.

"பல்லுக்கு இப்ப என்ன அவசரம், மிஸ்? கந்தசஷ்டி வருது. ஆறு நாளும் அம்மா ஒண்டும் சாப்பிடமாட்டா."